மத்யன் பெண் சொன்ன தகுதி



மாநகர சபை என்றதும் நம்மில் பலர் அது ஆண்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கொழும்பில் சமையலறை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு ஜனாதிபதியை விட, அமைச்சரை விட அருகில் இருப்பது மாநகர சபைதான். காலையில் குப்பை லொறியின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பவர் நீங்கள். கர்ப்பமானால் வீடு தேடி வரும் குடும்ப சுகாதார மாது, டெங்கு நுளம்பு பார்க்க முற்றத்துக்கு வரும் சுகாதாரப் பரிசோதகர், பிள்ளை போகும் வாசிகசாலை, வாரம் இரண்டு முறை மீன் வாங்கும் மார்க்கட், மழை பெய்தால் நிரம்பும் கான், இருட்டிய ஒழுங்கையில் எரியாத விளக்கு என்று எல்லாம் அந்தக் கட்டடத்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புபட்டவை. சோலை வரிப் பற்றுச்சீட்டை அலுமாரியில் பத்திரப்படுத்தி வைப்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான்.

இந்தச் சபை பழையது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு அடுத்த ஆண்டு இயங்கத் தொடங்கியது. லிப்டன் சுற்றுவட்டத்தின் பக்கம் போகும்போது நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய நகர மண்டபம் புறக்கோட்டையில் இருந்தது. வியாபாரத்துக்காகப் புறக்கோட்டைக்குப் போய் வந்த நம் முன்னோர் அதன் வாசலைக் கடந்துதான் நடந்திருப்பார்கள்.

இப்படி அருகில் இருக்கும் ஒன்றை நடத்த யாரைத் தேர்ந்தெடுப்பது? அதற்கு என்ன தகுதி வேண்டும்? இந்தக் கேள்விக்கு அல்குர்ஆனில் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொன்னவர் அரசர் அல்ல, அறிஞர் அல்ல. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வந்த ஓர் இளம் பெண்.

மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து தப்பி மத்யன் வந்தபோது, கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு சகோதரிகளுக்கு நீர் இறைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன பின் அவர்களில் ஒருத்தி தன் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், வேலைக்கு அமர்த்தத் தக்கவர்களில் சிறந்தவர் பலமும் நம்பிக்கையும் உள்ளவரே என்ற கருத்தில் சொன்னதாக ஸூரா அல்கஸஸ் கூறுகிறது. அவர் ஒன்றைச் சொல்லவில்லை, இரண்டைச் சொன்னார். அரபியில் ஒன்று ‘குவ்வத்’, மற்றது ‘அமானத்’. வேலையைச் செய்து முடிக்கும் ஆற்றல் முதலாவது. கையில் ஒப்படைத்ததை அப்படியே பாதுகாக்கும் நேர்மை இரண்டாவது.

ஹிஜ்ரி 728இல் மரணமான இமாம் இப்னு தைமிய்யா அவர்கள் ஆட்சிமுறை பற்றி எழுதிய நூலில் இந்த இரண்டையுமே பதவிக்குரிய தூண்களாக எடுத்துப் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பது அரிது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பென்றால் நேர்மை மிகுந்தவரையும், படை நடத்துவது போன்ற பொறுப்பென்றால் ஆற்றல் மிகுந்தவரையும் முற்படுத்த வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். எவ்வளவு நிதானமான பேச்சு! நம் மஹல்லாக்களில் நடப்பதோ வேறு. ‘நல்ல மனிசன், முதல் ஸஃப்பில் நிற்பவர்’ என்றால் போதும், அவர் பாலம் கட்டத் தகுதியானவர் என்று முடிவு செய்துவிடுகிறோம். அல்லது, ‘சாப்பிட்டாலும் வேலை செய்வான்’ என்று மறுபக்கம் சாய்கிறோம்.

அபூதர் (ரழி) அவர்களை விட உலகப் பற்றற்ற ஒருவரைக் காட்ட முடியுமா? அவர்கள் ஒரு பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அன்போடு தோளில் தட்டி, நீர் பலவீனர், இதுவோ ஓர் அமானிதம் என்ற கருத்தில் மறுத்துவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. அபூதர் (ரழி) அவர்களின் நேர்மையில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அந்தப் பொறுப்புக்கான திறன் மட்டும்தான் அங்கே பார்க்கப்பட்டது. தொழுகையாளி என்பதற்காகக் கணக்குத் தெரியாதவரைக் கணக்கப்பிள்ளை ஆக்குவது பக்தி என்று நினைப்பவர்கள் இந்த ஹதீஸைத் திரும்பவும் வாசிக்க வேண்டும்.

ஆற்றல் இல்லாத நேர்மையும், நேர்மை இல்லாத ஆற்றலும் என்ன செய்யும் என்பதற்குத் தூரத்தே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் வீட்டுக் குப்பைக் கூடையின் கதையைப் பார்த்தாலே போதும்.

கொழும்பின் குப்பை நீண்ட காலம் கொட்டாஞ்சேனைப் பக்கம் புளுமெண்டலில் கொட்டப்பட்டது. அந்த மலையின் நாற்றத்தோடு வாழ்ந்த வயதான உம்மாமார் இன்றும் அப்பகுதியில் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் மீன் கழுவிய தண்ணீர்ப் பையும், கறுவாத்தோட்டத்தில் விருந்து முடிந்த இலையும் அவர்களின் ஜன்னலுக்கு எதிரே போய்ச் சேர்ந்தன. 2009ஆம் ஆண்டளவில் அங்கே கொட்டுவது நின்றது. நின்றது என்றால் தீர்ந்தது என்று பொருளல்ல, இடம் மாறியது. கொலன்னாவைப் பகுதியின் மீதொட்டமுல்ல என்ற சேற்று நிலத்தில் தற்காலிகமாக என்று சொல்லித் தொடங்கினார்கள். தற்காலிகம் என்ற சொல் நம் நாட்டில் எவ்வளவு நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். சின்னதாகத் தொடங்கிய குவியல் வீடுகளுக்கு மேலே மலையாக எழுந்தது. அங்குள்ள மக்கள் வீதிக்கு இறங்கினார்கள், மனுக் கொடுத்தார்கள், தடியடியும் பட்டார்கள். ஆண்டுகள் போயின.

2017 ஏப்ரல் 14. தமிழ், சிங்களப் புத்தாண்டு தினம். பிற்பகலில், குடும்பங்கள் ஒன்றுகூடி இருந்த வேளையில், அந்த மலை சரிந்தது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். பலகாரம் சுட்ட அடுப்புகளோடு வீடுகள் புதைந்து போயின.

அந்த மரணங்களுக்கு யார் காரணம்? நாம் உடனே இலஞ்சம் வாங்கிய ஒருவனைத் தேடுகிறோம். அப்படி ஒருவன் கிடைத்தால் நமக்கும் ஆறுதல், ஏசி முடித்துவிடலாம். ஆனால் யாரும் ஒரு சதம் கூட வாங்காமலேயே அந்த மலை அவ்வளவு உயரத்துக்கு வளர்ந்திருக்க முடியும் என்பதுதான் பயங்கரம். சேற்று நிலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது பொறியியலாளருக்குத் தெரியும். அதை அவர் எழுதி அனுப்ப வேண்டும். எழுதியதை ஒருவர் வாசிக்க வேண்டும். வாசித்தவர் மேயரிடம் போய், ‘இதற்கு மேல் முடியாது’ என்று சொல்லத் துணிய வேண்டும். மேயரும் அமைச்சரும் அடுத்த தேர்தலைப் பார்க்காமல் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் போதும். அவர் ஐந்து நேரமும் தொழுபவராகவும், ஒருவரிடமும் தேநீர் கூட வாங்கிக் குடிக்காதவராகவும் இருக்கலாம். குவ்வத் இல்லாத அமானத் அங்கே புதைந்தவர்களைக் காப்பாற்றவில்லை.

அதன் பின்னர் குப்பை எங்கே போனது தெரியுமா? கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள புத்தளம் மாவட்டத்தின் அறுவக்காட்டுக்கு. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய குழிகள் அங்கே இருந்தன. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சகோதர சகோதரிகள் தஞ்சமடைந்த மாவட்டம் அது. 2018இலும் அதற்கடுத்த ஆண்டும் புத்தளத்துப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வெயிலில் நின்று எதிர்த்தார்கள். ஆனாலும் 2019இல் லொறிகள் போகத் தொடங்கின. 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டதால் பாரம் ஓரளவு குறைந்தது உண்மைதான். எனினும் ஒன்றைக் கேட்கிறேன். புத்தளத்துக்காக நாம் துஆச் செய்தோம், சிலர் கையெழுத்தும் இட்டோம். அந்த நாட்களில் நம் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்தோமா? மீன் செதிலையும் ஷொப்பிங் பையையும் ஒன்றாகக் கட்டிப் படலையில் வைத்துவிட்டு, ‘அநியாயம், புத்தளத்தை நாசமாக்குகிறார்கள்’ என்று பேசியவர்கள் நம்மில் இல்லையா? பொறுப்பாளிகள் பற்றிய ஹதீஸில் ஆட்சியாளரையும் வீட்டை நிர்வகிக்கும் பெண்ணையும் நபி (ஸல்) அவர்கள் ஒரே வரிசையில் வைத்துத்தான் பேசினார்கள்.

இனி நேர்மையின் பக்கம் வருவோம்.

இலஞ்சம் இன்று நேற்று வந்த நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1949இல், கொழும்பு மாநகர சபையில் இலஞ்சம் நடந்ததா என்று விசாரிக்க ஓர் ஆணைக்குழு இருந்தது. அதற்கென்றே தனிச் சட்டமும் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. 1954இல் நாடு முழுவதற்குமான இலஞ்சச் சட்டம் வந்தது. 1975இல் சொத்து, கடன் விபரங்களை வெளிப்படுத்தும் சட்டம். 1994இல் நிரந்தரமான ஆணைக்குழு. 2023இல் இவற்றையெல்லாம் ஒன்றாக்கி ஊழல் எதிர்ப்புச் சட்டம். ஆக, சட்டத்துக்குப் பஞ்சமில்லை. உமர் (ரழி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைக் கணக்கெடுத்து வைத்து, பிறகு கூடியிருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நாம் புதிதென்று நினைக்கும் சொத்து விபரத் தாள் அன்றே இருந்திருக்கிறது.

மேடைகளில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் விளக்குக் கதையைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. சொந்தப் பேச்சு வந்ததும் அரசாங்க விளக்கை அணைத்துவிட்டார்களாம். அதே கலீபாவைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு, அதை ஏனோ குறைவாகவே சொல்கிறார்கள். மதீனாவின் ஆளுநர் எழுதுவதற்குத் தாள் கேட்டு எழுதினார். பேனா முனையைக் கூராக்கி, வரிகளை நெருக்கி, பல விடயங்களை ஒரே தாளில் எழுதும்படி பதில் போனது. எனக்கு விளக்கை விட இந்தத் தாள்தான் பிடிக்கும். ஏனெனில் அதில் வீண்செலவு பற்றிய கவலையோடு வேலை நுணுக்கமும் இருக்கிறது.

இப்போது ‘சந்தோசம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் நாட்டில் இலஞ்சத்துக்கு இதைவிட இனிமையான பெயர் வேறு இல்லை. ‘இலஞ்சமில்ல ஹஸரத், ஒரு சந்தோசம் குடுத்தோம்’ என்று சொல்லும்போது பேசுபவரின் முகமும் மலர்ந்திருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் இப்னுல் லுத்பிய்யா என்பவர் ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்டார். திரும்பி வந்து பொருள்களை இரண்டாகப் பிரித்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இப்படிச் சொல்லும் அதிகாரி தன் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ உட்கார்ந்திருந்து பார்க்கட்டும், அப்போதும் அந்த அன்பளிப்பு தேடி வருகிறதா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உரையில் அந்த மனிதரின் பெயரைச் சொல்லாமல் செயலை மட்டும் கண்டித்ததையும் கவனியுங்கள். எந்த அன்பளிப்பையும் நிறுத்துப் பார்க்க அந்த ஒரு கேள்வி போதுமானது. உங்கள் மகன் அலுவலகத்தில் இல்லாமல் உங்கள் வீட்டில் சும்மா இருந்தால், நோன்புப் பெருநாளுக்கு இந்தப் பெரிய ஹம்பர் கூடை வருமா? வராதென்றால் அது அவனுக்கு வரவில்லை, அவன் உட்கார்ந்திருக்கும் கதிரைக்கு வந்திருக்கிறது. உத்தியோகம் பார்க்கும் மகனின் உம்மா இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? பல வீடுகளில் அந்தக் கூடையைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குப் பங்கு அனுப்புபவர் உம்மாதான்.

குப்பை எடுக்கும் தொழிலாளிக்கு நூறு, இருநூறு கொடுப்பதும் இதில் சேருமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர் செய்யும் வேலைக்கு நாம் என்ன கொடுத்தாலும் ஈடாகாது. பெருநாளில் சஹனில் சோறு கொடுங்கள், பிள்ளைகளுக்கு உடுப்புக் கொடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். அது ஸதகா. ஆனால், ‘மாதா மாதம் இவ்வளவு, அதனால் லொறி என் படலையில் நிற்க வேண்டும்’ என்று பேசிக்கொண்டால் நிலைமை மாறுகிறது. உங்கள் படலையில் லொறி நிற்கும் அந்த ஐந்து நிமிடம் யாருடையது? உள்ளொழுங்கையில் ஒரு குடும்பம் இருக்கிறது. கொடுக்க வசதியில்லை. அங்கே லொறி வராமல், அந்த உம்மா பையைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு நடக்கிறாள். நாய் கிழித்துச் சிதறினால் ஏச்சும் அவளுக்குத்தான். நீங்கள் கொடுத்த இருநூறில் அவளுடைய முறையை வாங்கியிருக்கிறீர்கள்.

அண்மையில் ஒரு சகோதரி எழுதிய கடிதம் இதைவிடச் சிக்கலானது. ஊரைக் குறிப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள், வீட்டின் மேல் ஒரு தட்டு எழுப்ப வேண்டும். வரைபடம் கொடுத்து மாதங்களாகியும் அனுமதி வரவில்லை. ஒரு தரகர் கடிதவுறை ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். ‘கொடுத்தால் பாவமா, கொடுக்காவிட்டால் கலியாணம் நின்றுவிடுமே’ என்று கேட்கிறார்.

இலஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவர் மீதும் சாபம் உண்டு என்பது ஹதீஸ். அதே வேளை, தனக்கு நியாயமாகச் சேர வேண்டிய உரிமை வேறு எந்த வழியிலும் கிடைக்காமல் நெருக்கப்பட்டவர் கொடுத்தால், குற்றம் வாங்கியவர் மீதே என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது பகுதியை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போக நம்மில் பலருக்கு ஆசை. அதற்குள் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. அது உண்மையில் உங்கள் உரிமையா? வேறு வழியை உண்மையில் தேடினீர்களா?

முதல் பூட்டைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கசக்கும். வரைபடங்கள் தேங்குவதற்குச் சோம்பேறித்தனமும் பேராசையும் காரணமாகலாம். ஆனால் வீதிக் கோட்டைத் தாண்டிக் கட்டுவது, பின்பக்கம் விட வேண்டிய இடத்தை மூடுவது, ஒரு தட்டுக்குப் போட்ட அத்திவாரத்தின் மேல் மூன்று தட்டு எழுப்புவது இவையெல்லாமும் காரணம். இப்படியான இடத்தில் கடிதவுறை வாங்குவது உரிமையை அல்ல. அயலவரின் வெளிச்சத்தையும் காற்றையும், சில வேளை அவருடைய உயிரையும் விலைக்கு வாங்குகிறது. ஹிஜ்ரி 450இல் மரணமான இமாம் மாவர்தி அவர்கள் ஆட்சிச் சட்டங்கள் பற்றிய தமது நூலில் முஹ்தஸிப் என்ற நகர அதிகாரியின் கடமைகளை எழுதும்போது, உயரமாக வீடு கட்டியவர் அயலவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாகாது என்பதைச் சேர்த்திருக்கிறார்கள். ஊரின் நீர் வழங்கல் பழுதானால் பொதுநிதியிலிருந்து திருத்த வேண்டும், நிதி இல்லையென்றால் ஊரில் வசதி உள்ளவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கப்பலில் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுவதையும் அவர் தடுக்க வேண்டும். அரபுக் கல்லூரியில் இப்பாடத்தை நடத்தும்போது, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்துத் திரை போட்டுப் போட்டே அலுத்துப் போன பெண்களின் முறைப்பாடு எனக்கு ஞாபகம் வரும். பர்தாவைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம், கட்டட விதியைப் பற்றிப் பேசுவதில்லை.

இரண்டாவது பூட்டு, வேறு வழி. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இன்னும் இரண்டு விடயங்கள்.

2006ஆம் ஆண்டு மாநகர சபைத் தேர்தல் வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். கொழும்பில் பல்லாண்டு செல்வாக்குப் பெற்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. பட்டியலில் ஒரு வேட்பாளருக்கு உரிய வயது இருக்கவில்லை. இவ்வளவு பெரிய கட்சியில் ஒரு பிறப்புச் சான்றிதழைச் சரிபார்க்க ஆள் இருக்கவில்லை! பின்னர் மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு வாக்களிக்கும்படி சொன்னார்கள், மக்கள் அப்படியே செய்தார்கள், அதிகம் அறியப்படாதிருந்த முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் மேயரானார். சாரதி மேயரானதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆடு மேய்த்தவர்கள் நபிமாராகியிருக்கிறார்கள். குறை நம்மிடம் இருந்தது. இலட்சக்கணக்கானோர் வாழும் நகரத்தின் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று கேட்காமல், சின்னத்தைக் கேட்டுப் புள்ளடி போட்டோம். வேலைக்காரப் பெண்ணை வீட்டுக்கு எடுக்கும்போது அவளுடைய ஊர், உறவு, முந்திய வீடு என்று எத்தனை விசாரணை செய்கிறோம்!

அடுத்தது பெண்கள் பற்றியது. கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் டாக்டர் மேரி ரட்ணம், ஆண்டு 1937. கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தவர். சுதந்திரத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் நம் சமூகத்திலிருந்தே ஒருவர் அச்சபையில் அமர்ந்தார். அவர் ஆயிஷா ரவூப். கேரளத்தில் பிறந்து, சென்னையில் படித்துப் பட்டம் பெற்று, திருமணமாகி இங்கு வந்தவர். 1946இல் தொடங்கிய முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபர் அவரே. பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவே தயங்கிய காலத்தில் கொழும்பின் துணை மேயராகவும் இருந்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அதன் பின் நெடுங்காலம் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நாலில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2018 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்து, நாடெங்கும் பெண் உறுப்பினர் தொகை நூற்றுக்கு இருபதைத் தாண்டியது. அவ்வாண்டு ரோஸி சேனாநாயக்க கொழும்பின் முதல் பெண் மேயரானார். 2025 ஜூனில் வ்ராய் கெலி பல்தஸார் தெரிவாகி இரண்டாமவரானார். ஆனால் நம் ஊர்களில் சில கட்சிக்காரர்கள் செய்தது என்ன? பட்டியல் நிரம்ப வேண்டும் என்பதற்காக மனைவியின் பெயரையும் மச்சாளின் பெயரையும் போட்டார்கள். அவர் சபையில் கையெழுத்து வைப்பார், பேச வேண்டியதைக் கணவர் எழுதிக் கொடுப்பார். பெயரை மட்டும் கடன் கொடுக்காதீர்கள் சகோதரிகளே. அமானிதம் உங்கள் பெயரில் எழுதப்பட்டால் மறுமையில் கேள்வியும் உங்களிடம்தான், கணவரிடம் அல்ல. போவதென்றால் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கப் பழகிக்கொண்டு போங்கள். ஒரு மாதச் சம்பளத்தில் வாடகை, டியூஷன், மருந்து, சீட்டு எல்லாம் சமாளித்த கைகளுக்கு அது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

2023 மார்ச் முதல் 2025 வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம் சபைகளில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பணமில்லை என்று சொல்லித் தேர்தல் நடத்தப்படவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். அந்த இடைக்காலத்திலும் லொறிகள் ஓடின, கிளினிக்குகள் திறந்தன. உத்தியோகத்தர்களே நடத்தினார்கள். ‘அப்படியென்றால் உறுப்பினர் எதற்கு, இவர்கள் இல்லாமலே நடக்கிறதே’ என்று சிலர் பேசினார்கள். லொறி ஓடியது உண்மை. லொறி வராத ஒழுங்கையிலிருந்து போய் யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியாமல் இருந்தது. உத்தியோகத்தர் வேலை தெரிந்தவராக இருக்கலாம், ஆனால் அவர் உங்கள் வாக்கைக் கேட்டு வந்தவரல்ல. வாக்குக் கேட்டு வந்தவரிடம் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இப்போது உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவர் பெயர் தெரியுமா?

இனி அந்தக் கடிதம் எழுதிய சகோதரிக்கும், அவரைப் போன்றோருக்கும் உரிய வேறு வழி. பணம் கேட்கப்பட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அதற்கு முந்திய படியே போதும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு மாநகர சபையிலும், பிரதேச சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். ‘இன்ன திகதியில் நான் கொடுத்த வரைபடம் இப்போது எந்த மேசையில் இருக்கிறது, என்ன குறை கண்டார்கள், யார் பொறுப்பு’ என்று அவரிடம் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு அவர் எழுத்தில் தர வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு. தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத வராத ஒரு மூதாட்டி நேரில் போய் வாயால் சொன்னாலும், அதை எழுத்தில் பதிய அந்த உத்தியோகத்தர்தான் உதவ வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. போகும்போது ஒரு பேனாவும், சோலை வரிப் பற்றுச்சீட்டின் பிரதியும், அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும்.